சொல்லின் சுருக்கமும் கடனின் பெருக்கமும்: வனவுயிர்க் காப்புச் சட்டங்களை முன்வைத்துக் கொச்சங்காடியிலிருந்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள கொச்சங்காடி, தென்னிந்திய யூதர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடமாகும். 1344ஆம் ஆண்டில் இங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது என்பதற்குச் சான்றாகிய எபிரேயக் கல்வெட்டு, இன்று மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப்பள்ளியின் வளாகத்தில் உள்ளது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வெள்ளத்துக்கும் கல்வெட்டுக்கும் இடையே மூன்று ஆண்டுகளே உள்ளன. நீர் வழிவிட்ட இடத்தில் துறை அமைந்தது. துறையை ஒட்டி அங்காடி அமைந்தது. இவ்வூர்ப் பெயரின் பின்பகுதியாகிய அங்காடி, நாளங்காடி அல்லங்காடி என மதுரையைப் பற்றிய பழம்பாட்டில் பயிலும் அதே சொல்லாகும்.

இந்த அங்காடி விற்றது பெரும்பாலும் மலை தந்த பொருளே. முசிறித் துறையில் யவனர் பொன்னைத் தந்து மிளகைக் கொண்டு சென்றமையை அகநானூறு பதிவு செய்துள்ளது. முசிறிக்குப் பின் அந்த வாணிகத்தின் பெரும்பங்கு கொச்சியை வந்தடைந்தது. மிளகும் ஏலமும் இஞ்சியும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்துமே வந்தன. எனவே காட்டையும் காட்டுயிரையும் பற்றிய வினா, கடலோர ஊர்களுக்கு அயலான வினா அன்று. மலையில் காடு தோட்டமாக மாறிய வரலாற்றின் மறுபக்கம் இவ்வூர்க் கணக்கேடுகளில் எழுதப்பட்டது.

இந்தியாவில் 1972 முதல் வனவுயிர்களுக்கும் அவற்றின் வாழிடங்களுக்கும் படிப்படியாக உருவாக்கப்பட்ட சட்டக்காப்பு அண்மை ஆண்டுகளில் தளர்ந்து வருகிறது. எந்தச் சட்டமும் நீக்கப்படவில்லை. பெயர்கள் அப்படியே இருக்கின்றன. சில சட்டங்களுக்குப் புதிய, மேலும் அழகிய பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. மாறியவை உள்ளிருக்கும் சொற்களின் எல்லைகள். ஒரு சொல்லின் பொருளைச் சுருக்குவதனால், அச்சொல் குறித்த உயிருக்கு மனிதன் பட்டிருக்கும் கடனும் சுருங்கிவிடுமா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் எல்லை

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் காடு என்னும் சொல்லுக்கு வரையறை தரவில்லை. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12இல் பிறந்த ஆணை, காடு என்பதை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும் என்றது. நிலம் யாருடைய உடைமை, ஏட்டில் என்ன பெயர் என்பவற்றைப் பாராமல், பார்த்தால் காடாக இருப்பது காடு என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் தலைமை நீதிமன்றம் காட்டைக் காக்க அகராதியைத் துணைக்கு அழைத்தது மொழி பயில்வோர் கருதத்தக்க செய்தியாகும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் அகராதியின் இடத்தில் பதிவேட்டை வைத்தது. காடு என முறைப்படி அறிவிக்கப்பட்ட நிலமும், 1980 அக்டோபர் 25ஆம் நாளன்றோ அதற்குப் பின்னரோ அரசுப் பதிவில் காடு என்று குறிக்கப்பட்ட நிலமுமே இனிச் சட்டத்துக்குள் வரும். நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு முதன்மை வாய்ந்த சாலை, இருப்புப்பாதை போன்றவற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இத்திருத்தம் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்த வழக்கில், மாநிலங்கள் தத்தம் காடுகளின் பட்டியலைத் தொகுத்து முடிக்கும்வரை 1996ஆம் ஆண்டுப் பொருளே தொடரவேண்டும் என்று 2024 பிப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது.

திருத்தத்துக்கு அரசு கூறிய காரணம் புறந்தள்ளத்தக்கதன்று. அகராதிப் பொருள் விரிவானது. தனியார் தோட்டமும் தோப்பும் காடாகிவிடுமோ என்னும் அச்சம் மரம் வளர்ப்பதற்கே தடையாயிற்று என்பது அக்காரணம். தமிழ் இலக்கணிகள் நூற்குற்றங்கள் பத்தினைக் கூறுமிடத்து முதலில் வைப்பது குன்றக்கூறல். அடுத்து வைப்பது மிகைபடக்கூறல். 1996ஆம் ஆண்டு ஆணையின் மேல் சாட்டப்படுவது இரண்டாவது குற்றம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மேல் சாட்டப்படுவது முதலாவது. இரண்டும் குற்றமேயாயினும் விளைவில் அவை நிகரல்ல. காடல்லாத நிலத்தைக் காடு என்று எழுதிவிட்டால் பின்னொரு நாள் திருத்தி எழுதலாம். காட்டைக் காடன்று என்று எழுதி, அது வெட்டப்பட்டுவிட்டால், ஏட்டைத் திருத்துவதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் இந்த வாதத்தை மிகையாக நீட்டுவதும் நேர்மையாகாது. நாற்பது ஆண்டு பட்டாவுக்குக் காத்திருந்து இறந்துபோன குடியானவனுக்கும் அவன் வாழ்நாள் திரும்பி வருவதில்லை.

சொல் சுருங்குவதைக் காண மலைக்குச் செல்லவேண்டிய தேவையும் கொச்சங்காடிக்கு இல்லை. அதனைச் சூழ்ந்திருக்கும் காயல், 2002இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வேம்பநாடு - கோள் நிலப்பரப்பைச் சேர்ந்தது. அதன் பரப்பு 1,51,250 எக்டேர். மீன் குஞ்சுகள் வளரும் அலையாத்திகளும், நீர்நாய் உலவும் கரைகளும், வலசைப் பறவைகள் இறங்கும் வயல்களும் அதனுள் அடங்கும். கேரளம் 2008இல் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதனுள் 'அறிவிக்கப்படாத நிலம்' என்றொரு புதிய வகையைப் படைத்தது. வருவாய்ப் பதிவேட்டில் வயலாகவோ ஈரநிலமாகவோ இருந்தும், உள்ளாட்சி அளவில் தொகுக்கப்பட்ட தரவு வங்கியில் இடம்பெறாத நிலம் அது. உரிய விதிகளின்படி கட்டணம் செலுத்தி அதன் இயல்பை மாற்றிக்கொள்ளலாம். பட்டியல் எழுதியவர் விட்டுவிட்டதனால் ஒரு வயல் வயலாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் வரலாறும் இத்தகையதே. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையில் கேரளத்துக் காயல் தீவுகளுக்குக் கரையிலிருந்து 50 மீட்டராக இருந்த கட்டுமானத் தடையெல்லை, 2019ஆம் ஆண்டு அறிவிக்கையில் 20 மீட்டராயிற்று. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சூழ 50 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்ற விதி இருக்கிறது; தனியார் நிலத்து அலையாத்திக்கு அவ்விடைவெளி வேண்டா என்ற விலக்கும் இருக்கிறது. அலை ஒன்று, சேறு ஒன்று, மரம் ஒன்று. வேலி எவருடையது என்பதைப் பொறுத்து மரத்தின் தகுதி வேறுபடுகிறது.

கொச்சங்காடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரடு என்னும் ஊரில் காயற்கரையில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2019 மே 8இல் உச்ச நீதிமன்றம் இடிக்குமாறு ஆணையிட்டதும், 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் நாடறிந்தவை. கட்டடங்கள் எழுந்த காலத்து வரைபடத்தின்படி அந்நிலம் மூன்றாம் வகைக் கடற்கரை மண்டலம். புதிதாக ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி அது இரண்டாம் வகை என்பதும், அவ்வகையில் கட்டடத்துக்கு இடமுண்டு என்பதும் குடியிருந்தோர் தரப்பின் வாதமாக இருந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. எனினும் அவ்வாதத்தில் பொதிந்துள்ள உண்மை கவனிக்கத்தக்கது. காயல் ஓரடியும் நகரவில்லை. அதன் வகை மட்டும் நகர்ந்திருக்கிறது. சேமிப்பை எல்லாம் கொட்டி வீடு வாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவ்வீடுகளுக்கு இசைவு வழங்கப்பட்ட நாளில் சட்டம் பேசாதிருந்தமையே அவர்கள் துன்பத்தின் தொடக்கம். தளர்ந்த காப்பு உயிரினங்களை மட்டும் வருத்துவதில்லை என்பதற்கு மரடு ஓர் எடுத்துக்காட்டு.

பிற நாடுகளிலும் இதே போக்கு உண்டு. அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. அதில் தடுக்கப்பட்ட செயல்களுள் ஒன்று தீங்கு விளைவித்தல். ஓர் உயிரின் வாழிடத்தை அது இறந்துபடுமளவு சிதைப்பதும் தீங்கே என்ற விளக்கத்தை 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவ்விளக்கத்தையே நீக்கிவிட 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசுத் துறைகள் முன்மொழிந்தன. ஆந்தையைச் சுடுவது தீங்கு, ஆந்தை கூடுகட்டிய மரத்தை வெட்டுவது தீங்கன்று என்ற நிலைக்கு அது இட்டுச்செல்லும். ஒருவனை அடிப்பது குற்றம், அவன் உண்ணும் கலத்தை எடுத்துக்கொண்டு போவது குற்றமன்று என்பது போன்ற நியாயம் இது.

இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம், ஆறு பட்டியல்களை நான்காக்கியது. அதற்கு முன்வரை ஐந்தாம் பட்டியல் ஒன்று இருந்தது. தீங்குயிர் என ஒதுக்கப்பட்டவற்றின் பட்டியல் அது. காக்கை, எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவாலும் அதில் இடம்பெற்றிருந்தது. முதல் நான்கு பட்டியல்களில் உள்ளதே காட்டு விலங்கு என்று 2002ஆம் ஆண்டின் வரையறை கூறியமையால், காட்டு மரங்களின் விதையை மலை முழுதும் தூவித் திரியும் அந்த வௌவால் சட்டத்தின் பார்வையில் காட்டு விலங்கே அன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் இரண்டாம் பட்டியலில் உள்ள எந்த விலங்கையும் குறிப்பிட்ட காலத்துக்கும் இடத்துக்கும் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம் மைய அரசிடம் நின்றது. பட்டியல் போயிற்று; பெயர் சூட்டும் கை போகவில்லை. அதே திருத்தம், உடைமைச் சான்றுள்ளோர் வளர்ப்பு யானையைச் சமயக் காரணத்துக்காகவோ வேறு எக்காரணத்துக்காகவோ இடமாற்றவும் வழிவிட்டது. 'வேறு எக்காரணம்' என்னும் அச்சிறு தொடரின் வழியாக எத்தனை யானைகள் போகக்கூடும் என்பது, யானையைத் திருவிழாவின் அணியாகக் கொண்ட கேரளத்தில் விளக்காமலே விளங்கும்.

முதலும் கருவும்

சொல்லுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் மரபு வேறொரு முறையில் எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்துத் தெய்வம், உணா, மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. முதல் இன்றிக் கரு இல்லை. கருவைக் கழித்துவிட்டு முதலைத் திணை என்று கூறவும் இயலாது. பாடல் மரபுக்காக வகுக்கப்பட்ட இலக்கணம் இது; சூழலியல் நூலாக அதனைப் படிப்பது மிகையாகிவிடும். ஆயினும் நிலத்தையும் அதில் வாழ்வனவற்றையும் பிரித்தறியாத ஒரு பார்வை அதன் அடியில் உள்ளது என்பதை மறுக்க இயலாது.

இப்பார்வைக்கு நேர்மாறான நிலையை இடுக்கி மாவட்டத்து ஏலமலைக் காப்புப் பகுதியில் காணலாம். அங்கே நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு. நிலத்தின்மேல் நிற்கும் மரங்கள் வனத்துறையின் பொறுப்பு. முதற்பொருள் ஓர் அலுவலகத்திலும் கருப்பொருள் மற்றோர் அலுவலகத்திலுமாகப் பங்கிடப்பட்டுள்ளன. அப்பகுதி காடா, அன்றா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. வழக்கின் மையத்தில் இருப்பது 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கை. அதில் கண்ட பரப்பு 15,720 ஏக்கர் என்பது ஒரு சாரார் கூற்று. 2,15,720 ஏக்கர் என்பது மறுசாரார் கூற்று. முன்னால் ஓர் இரண்டு நிற்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையால் பாடபேதம் நேர்வதைப் பதிப்பாசிரியர் அறிவர். இங்கே ஒரு பாடபேதத்தின்மேல் இரண்டு இலட்சம் ஏக்கர் நிற்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்குப் புதிய பட்டாக்கள் வழங்குவதை இடைக்காலமாகத் தடுத்தது.

ஏலம் நிழல் வேண்டும் பயிர். ஆகையால் மலைச்சரிவின் பெருமரங்களை முற்றாக வெட்டாமல், கீழ்ச்செடிகளை மட்டும் அகற்றி அதனைப் பயிரிடுவது பழைய முறை. மேலே காடு, கீழே தோட்டம் என்ற இந்த இரட்டை இயல்பே வழக்கின் சிக்கலுக்கும் காரணம். இருவாச்சி கூடுகட்டுவது வயது முதிர்ந்த பெருமரத்தின் பொந்தில். சோலைமந்தி மரத்துக்கு மரம் தாவிச் செல்ல இடையறாத மேல்விதானம் வேண்டும். அவற்றுக்கு அறிவிக்கையின் எண் பொருட்டன்று. மரம் நிற்கிறதா என்பதே பொருட்டு. மறுபுறம், அத்தோட்டங்களில் உழைப்போரில் பெருந்தொகையினர் தமிழர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் நாள்தோறும் ஏறி இறங்குவோர் அவர்கள். அவர்களுக்கு அந்த வழக்கு கூலி நாளைப் பற்றிய வழக்கு. போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படும் காய், கொச்சித் துறையின் பண்டகசாலைக்கும் போகிறது. காட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் நடக்கும் இவ்வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படாத ஒரே தரப்பு அந்தக் காயைத் தின்றவர்களும் விற்றவர்களுமே.

கொடையும் கடனும்

சட்டக்காப்பு என்பது மனிதர் பிற உயிர்களுக்கு அளிக்கும் கொடையா, அன்றி அவற்றுக்குப் பட்ட கடனா? இவ்வினாவுக்குத் தரும் விடையைப் பொறுத்தே சொற்சுருக்கத்தை மதிப்பிடவேண்டும். கொடை என்றால், கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம், அளவைக் குறைக்கலாம், அதில் அவன் பெருந்தன்மை குறையுமே தவிர அறம் குறையாது. கடன் என்றால், பத்திரத்தில் ஒரு சொல்லைச் சிதைப்பதனால் கடன் தீராது.

முல்லைக்குத் தேரீந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் கொடைக்குச் சான்றாகச் சங்க இலக்கியத்தில் பாடப்பெற்றோர். அச்செயல்களின் அழகு அவற்றின் தேவையின்மையில் உள்ளது. கொடி கேட்கவில்லை, மயில் நடுங்கவும் இல்லை போலும். கொடுத்தவனின் உள்ளப் பெருக்கே அங்குப் பாடுபொருள். கேடு என்னவெனில், இன்றைய வனவுயிர்க் காப்புப் பேச்சில் பெரும்பகுதி பாரியின் மொழியிலேயே நடைபெறுகிறது. கருணை, அன்பு, இரக்கம் என்பன அதன் சொற்கள். கருணைக்கு ஆண்டுதோறும் வரவுசெலவு உண்டு, அது தீர்ந்துபோகும்.

சோழர் மரபில் வழங்கும் இரு கதைகள் வேறு வகையின. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகி தன் ஊரின் பெருமையாக எடுத்துக் கூறுபவை அவையிரண்டுமே. ஒன்று, கன்றை இழந்த பசு மணியடித்து முறையிட, தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் கதை. மற்றொன்று, பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் துலையேறிய செம்பியன் கதை. பின்னதைப் புறநானூறும் பல இடங்களில் சுட்டுகிறது. புறாவின் துயர் தீர்த்தான் என்றே அவன் புகழப்படுகிறான். ஆனால் அக்கதையின் நுட்பம் பருந்தில் உள்ளது. பருந்தை அவன் கொடியது என்று விரட்டியிருக்கலாம்; மன்னனுக்கு அது அரிதன்று. பருந்துக்கும் பசி உண்டு, அதன் கோரிக்கையும் நியாயமானது என்று ஏற்றுக்கொள்கிறான். இரண்டு நியாயங்களுக்கும் இடைப்பட்ட விலையைத் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறான். காப்பேன் என்று சொன்னவனே காப்பின் விலையைத் தரவேண்டும் என்பது இக்கதையின் அறம்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய நிலையை நோக்கினால் ஒரு பிறழ்ச்சி தெரிகிறது. காட்டுயிரைக் காப்பேன் என்று சொன்னது நாடு முழுதும். நகரங்கள் அதனை உரத்துச் சொல்கின்றன. துலையில் ஏற்றப்படுபவனோ வயநாட்டிலும் இடுக்கியிலும் காட்டோரத்தில் கப்பையும் வாழையும் நட்டிருக்கும் சிறுகுடியானவன். பன்றி கிளறிய வயலும், யானை மிதித்த தென்னையும், விடியற்காலையில் வேலைக்குச் சென்று திரும்பாத பெண்ணும் அவன் செலுத்தும் தவணைகள். வனவிலங்கால் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரளத்தில் வழங்கப்படும் உதவித்தொகை 10 இலட்சம் ரூபாய். அது விலையாகாது என்பதைக் கொடுப்போரும் அறிவர்.

2025 அக்டோபரில் கேரளச் சட்டப்பேரவை நிறைவேற்றிய வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்த முன்வடிவை இப்பின்னணியில் வைத்துப் படிக்கவேண்டும். நடுவண் சட்டத்தின்படி முதற்பட்டியல் விலங்கைக் கொல்ல ஆணையிடுவதற்கு முன், அதனைப் பிடிக்கவோ மயக்கவோ இடம்மாற்றவோ இயலாது என்று தலைமை வனவுயிர்க் காப்பாளர் தெளியவேண்டும். பொது இடத்தில் மனிதரைக் கடுமையாகக் காயப்படுத்திய விலங்கின் செய்தியில் இந்தப் படிகளைத் தாண்டி உடனே ஆணையிட முன்வடிவு இடமளிக்கிறது. இரண்டாம் பட்டியல் விலங்குகளைத் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. நாட்டுக் குரங்கை முதற்பட்டியலிலிருந்து இரண்டாவதற்கு இறக்கவும் முனைகிறது. நடுவண் சட்டத்தைத் திருத்துவது என்பதால் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டிய முன்வடிவு இது.

இதனை வேட்டை வெறி என்று நகரத்திலிருந்து பழிப்பது எளிது. அப்பழிப்பில் நேர்மை குறைவு. குடியானவன் கேட்பது நியாயமே. பிழை, அவனுக்குத் தரப்படும் விடையில் உள்ளது. அவன் தோளிலிருந்து சுமையை இறக்கி நாட்டின் தோளில் ஏற்றுவதற்கு அகழியும் வேலியும் ஆளும் பணமும் காலமும் வேண்டும். விலங்கின் பெயரை ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு ஒரு பக்கத் தாளே போதும். ஆகவே அரசு எளிய வழியை எடுக்கிறது. செம்பியன் கதையில் மன்னன் துலையிலிருந்து இறங்கி, புறாவைப் பார்த்து, இது புறாவன்று என்று அறிவித்துவிட்டுச் செல்வதற்கு ஒப்பானது இது.

விலையைத் தாமே செலுத்தும் காப்பு ஒன்று எளிய ஊர்களில் வழக்கத்தில் இருப்பதையும் இங்கே சுட்டவேண்டும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியின் கண்மாயில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளுக்காக அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்விடம் 1977இல் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பண்டிகை நாளில் பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பொறுத்துக்கொள்வது அவ்வூரார் துலையில் வைக்கும் தசை. சிறியதுதான், ஆயினும் அது அவர்களுடையது.

அங்காடிகளின் தசை எங்கே என்ற வினா இங்கு எழுகிறது. கொச்சி, ஆலப்புழை, மட்டாஞ்சேரி போன்ற துறைகள் பல நூற்றாண்டு மலைப்பொருளால் செழித்தன. மிளகுக்கும் ஏலத்துக்கும் தேயிலைக்கும் இடம்தந்து பின்வாங்கிய காடு, அவற்றின் இலாபக் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத கடனை நினைவூட்டுவோர் இல்லாதபோது, கடன்பட்டவன் தன்னைக் கொடையாளி என்று எண்ணிக்கொள்ளத் தொடங்குகிறான். கடையில் விற்கும் ஒவ்வொரு கிலோ ஏலத்திலும் காட்டோரத்து வேலிக்கென்று ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டால் அது ஈகையாகாது. நெடுநாள் நிலுவையின் வட்டி என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

மணியும் கையும்

மனுநீதிச் சோழன் கதையில் பசு தானே மணியடித்தது. பெரியபுராணம் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரித்துரைக்கும் அக்கதையில், வழக்காளி மனிதரல்லாத உயிர், பிரதிவாதி இளவரசன். அமைச்சர்கள் கழுவாய் கூறுகின்றனர், மன்னன் ஏற்கவில்லை. பசுவின் துயரும் தன் துயரும் ஒரே அளவின என்பது அவன் தீர்ப்பின் அடிப்படை. கதையின் கடுமை இன்றைய உள்ளத்துக்கு ஒவ்வாது. ஒரு விலங்குக்கு வழக்குரைக்கும் தகுதி உண்டு என்ற எண்ணம் மட்டும் இன்றைய நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

2000ஆம் ஆண்டில், வித்தைக்கூடார விலங்குகள் பற்றிய வழக்கில், அடிப்படை உரிமைகள் மனிதருக்கு மட்டுமா என்ற வினாவைக் கேரள உயர் நீதிமன்றம் எழுப்பியது. 2014 மே 7இல் சல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்கின் வாழ்வுக்கும் மதிப்பு உண்டென்று அரசமைப்பின் 21ஆம் கூற்றை விரித்துப் படித்தது. 2023 மே 18இல் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென்பதற்கு முன்தீர்ப்பு இல்லை என்று கூறித் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இங்கும் சொல்லின் எல்லை விரிந்து, பின் சுருங்கியது. சல்லிக்கட்டின் சரிபிழை தனியே ஆராயத்தக்கது. விலங்கின் நிலை ஒவ்வோர் அமர்விலும் புதிதாக எழுதப்படுகிறது என்பதே இங்குக் கருதவேண்டுவது. அதற்கென நிலைத்த மணி எந்த வாயிலிலும் கட்டப்படவில்லை. அதன் பொருட்டு மனிதர் ஒருவர் வந்து அடித்தால் உண்டு.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்து எறணாகுளம் சென்றால், கேரள உயர் நீதிமன்றக் கட்டடத்தின் பின்புறம் மங்களவனம் உள்ளது. 2004இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 2.74 எக்டேர். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு சிறு நீர்நிலை; காயலோடு அதனை இணைக்கும் ஓர் ஓடை. சுற்றிலும் அடுக்குமாடிகள். அங்கே மரக்கிளைகளில் பகல் முழுதும் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். 2004 முதல் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 ஏப்ரல் வரை, அந்த வேலிக்குள் அவை காப்பகத்து உயிர். அதே சட்டத்தின் பட்டியலில் தீங்குயிர். வேலிக்கு இப்பால், வழக்குகள் கேட்கப்படும் அறைகள் மாலையில் பூட்டப்படும் வேளையில், அவை கிளைகளை விட்டு எழுந்து ஊரின் மேலாகப் பழமரங்களைத் தேடிப் பறக்கின்றன.